ஊரை ஒப்பித்தவர்

அவரிடம் போய் யாரும் சொந்த ஊர் எது என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றுவிடுவார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு, கேட்டவருடைய முகத்தைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி சொல்லத் தொடங்குவார்.

"நம்ம ஊருக்கு மேக்கால நிமுந்து பாத்தா செட்டிகுளத்து மலைங்க. மலை மேல முருகன். கெழக்கால ஏரி. ஏரிக்கரையில கருப்பு, நம்ம கொலசாமி. கெழக்குப் பாத்து நிக்கும், அருவா எடது கையில. ஏரி மதகுக்குத் தெக்கால நம்ம கொல்லை. வடவெல்லை இலுப்பை மரம், தென்னெல்லை நட்ட கல்லு, மேலெல்லை வண்டிப்பாதை, கீழெல்லை பங்குக் கெணறு. கெணத்துல நமக்கு மூணுல ஒரு பங்கு. பாட்டன் கூடப் பொறந்தது ரெண்டு பேரு..."

இப்படியே பாட்டன், பூட்டன், அவர்கள் கட்டிய பெண்டுகள், அந்தப் பெண்டுகள் பிறந்த ஊர் என்று போகும். நான் டீச்சர். எத்தனையோ பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவள். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. இவர் தடுக்கியதே இல்லை. நடுவில் யாராவது இருமினால் நிறுத்துவார். இருமல் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து எடுப்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பிறகு கேட்கும்போது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர் அந்த ஊரில் பிறந்தவர் இல்லை. வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

ஊரில் அவருக்குச் சிலோன்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அவருடைய மனுக்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதால் எனக்கு அது தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரையும் எழுதப் போவதில்லை. செட்டிகுளத்துக்குக் கிழக்கே ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற ஆட்களின் பேரன்மார்கள் இன்றைக்கும் அங்கே வெங்காயம் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். எனக்கு இந்த வயதில் வம்பு எதற்கு.

நான் வரதராசன்பேட்டைக்காரி. எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன சமயம், அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றிப் போட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஊரிலேயே பெரிய கையான ஒருவர் தன் வீட்டின் பின்கட்டு அறையைக் கொடுத்தார். அறுபது வயசிருக்கும். எல்லோரும் அவரை அய்யா என்பார்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். வாடகைகூடக் கேட்டு வாங்க மாட்டார், நானாகப் போய்க் கொடுக்க வேண்டும். மணியக்காரர் அவருடைய மச்சினன். ஊரின் பட்டாவும் புறம்போக்கும் இந்த இரண்டு பேர் கையில் இருந்தன.

அங்கேதான் ஒரு நாள் மத்தியானம் சிலோன்காரர் வந்து சேர்ந்தார். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் கூட வந்தார்கள். தலையில் ஒரு தகரப் பெட்டி. மண்டபம் முகாமிலிருந்து வருபவர் திருச்சியில் இறங்கிப் பஸ் பிடித்திருந்தால் சீக்கிரமாக வந்திருக்கலாம். ஸ்டேஷனிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். இவர் கேட்கவில்லை. அவருடைய பாட்டன், தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியின் கூட்டத்தோடு அரியலூரில்தான் ரயிலேறினாராம். ஆகவே அரியலூரில்தான் இறங்க வேண்டும் என்று அங்கே போய் இறங்கி, பெரம்பலூருக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, மிச்ச தூரம் நடந்து வந்தார்.

"போன வழியாத்தான வரணும் டீச்சர்? இல்லாட்டி நாளைக்கு ஆபீசர் கேட்டா என்ன சொல்றது?" என்றார் என்னிடம்.

அந்த 'ஆபீசர்' அவருடைய தலைக்குள் எப்போதும் உட்கார்ந்திருந்தார். அதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து ஜனங்களை இரண்டு சர்க்காரும் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்தவர்களைக் கண்டியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். உன் பாட்டன் எந்த ஊர், எந்தத் தாலுகா, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேள்வி. திணறினால் திரும்பிப் போ, அப்புறம் பார்க்கலாம். அந்த அப்புறம் வருவதற்கு வருஷக்கணக்காகும். இவருடைய அப்பாவுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து மகனைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நிறுத்தி ஊரை ஒப்பிக்க வைத்திருக்கிறார். ஒப்பித்தால்தான் தேத்தண்ணி. கண்டியில் இவர் ஒப்பித்ததைக் கேட்டு அந்த ஆபீசரே பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உலகத்தில் எந்தச் சர்க்காராக இருந்தாலும், ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டால் கேட்டது கிடைக்கும்.

இங்கே அவர் கேட்டது ஒரு நம்பர். தாயகம் திரும்பியவர்களுக்குச் சர்க்கார் ஒரு குடும்ப அட்டை கொடுத்தது. அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண் இருந்தால் ரேஷன், தொழில் கடன், மனை எல்லாவற்றுக்கும் மனுப் போடலாம். எண் இல்லாத ஆளைச் சர்க்காருக்குத் தெரியாது. முகாமில் சொல்கிற வேலைக்குப் போகச் சம்மதித்தவர்களுக்கு அங்கேயே கொடுத்துவிடுவார்களாம். சொந்த ஊருக்கே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்த இவருக்கு ஒரு தற்காலிகச் சீட்டைக் கொடுத்து, சித்திரை முடிவதற்குள் ஊர் மணியக்காரரிடம் அத்தாட்சி வாங்கிப் பெரம்பலூரில் விசாரணைக்குப் போய்ப் பதிந்துகொள் என்று அனுப்பியிருந்தார்கள். பதியாவிட்டால் திரும்ப முகாம். அங்கிருந்து மலையில் மரம் வெட்டுகிற காண்ட்ராக்டர் லாரி. அவருடைய மச்சினி குடும்பம் அப்படி ஒரு லாரியில் ஏறிப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

அவர் வந்த அன்றைக்கே கூட்டம் கூடிவிட்டது. ஏரிக்கரைக் கருப்பு கோயில் அப்போது கதவு பூட்டியிருந்தது. பூசாரி சாவியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் இவர் வெளியில் நின்று, "அருவா எடது கையில" என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கே அது நினைப்பில் இல்லை. கதவு திறந்தது. இடது கையில்தான் இருந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தார். அதோடு நின்றிருந்தால் நல்லது. இவர் நேரே அய்யாவிடம் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, "நீங்க எனக்குப் பெரியப்பா முறை வேணுங்க. எங்க பாட்டனும் உங்கப்பாவும் கூடப் பொறந்தவங்க" என்றார்.

அய்யா சிரித்தார். "அப்புடியா? சந்தோசம்" என்றார். சாப்பாடு போடச் சொன்னார். தன் கொல்லைக் காட்டில், வெங்காயம் சேர்த்துவைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாய் போட்டுக்கொள்ளவும் இடம் கொடுத்தார். ஊரே அய்யாவைப் புகழ்ந்தது. நானும்தான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பகலெல்லாம் சிலோன்காரரும் மனைவியும் அய்யாவின் கொல்லையில் வெங்காயத் தாள் அறுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் அய்யா முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காருவார். "சிலோனக் கூப்புடு" என்பார். என் அறை ஜன்னலிலிருந்து முற்றம் நன்றாகத் தெரியும். இவர் கால் கழுவிக்கொண்டு ஓடி வருவார்.

"ஒக்காரு. இல்ல இல்ல, நின்னுக்கிட்டே சொல்லு, அதான் நல்லாருக்கு."

இவர் சொல்வார். அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கிணறு வருகிற இடத்தில் மட்டும் கண் திறக்கும். "மூணுல ஒரு பங்கா? உங்க பாட்டன் போறப்ப யாருகிட்ட வுட்டுட்டுப் போனாரு?" என்பார்.

"தம்பிக்காரன்கிட்ட, பாத்துக்கடான்னு சொல்லிட்டுப் போனாராம் பெரியப்பா."

"தென்னெல்லை என்னா சொன்ன?"

"நட்ட கல்லுங்க. இடுப்பு ஒசரம். தலையில ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும்."

"ஆமா ஆமா. அப்பறம்?"

அந்த 'அப்பறம்' தினமும் நடந்தது. சில நாள் மணியக்காரரும் வந்து உட்கார்ந்து கேட்டார். சிலோன்காரருக்கு ஒரே பெருமை. "பெரியப்பாவுக்கு எம்மேல உசுரு டீச்சர். ஒரு நாளு வரலன்னாலும் ஆளுவுட்டுக் கூப்புடறாரு" என்பார். எனக்கு முதலில் விளங்கவில்லை. போகப் போகத்தான் விளங்கியது. இவர் ஒப்பித்த அந்தக் கொல்லை இப்போது அய்யா கையில் இருந்தது. அதில் புதிதாகக் கரண்டு மோட்டார் வைத்திருந்தார். கிணறு முழுக்க அவருடையது என்றுதான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. இந்த ஆளுக்கு எவ்வளவு தெரியும் என்று தினம் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி மாசத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரிப் பக்கம் கோடாரிச் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் சிலோன்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இலுப்பை மரத்தக் காணோம்" என்றார்.

தொலைந்துபோன கோழியைத் தேடுகிறவர் மாதிரி சொன்னார். அய்யாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். மரம் உளுத்துப்போயிருந்தது, பிள்ளைகள் மேல் விழுந்துவிடும் என்று வெட்டினோம் என்று பதில் வந்திருக்கிறது. அன்று சாயங்காலமும் முற்றத்தில் ஒப்பித்தார். வடவெல்லை வந்ததும், "இலுப்பை மரம் இருந்த எடம்" என்று திருத்திச் சொன்னார். அய்யா, "பரவால்லியே" என்றார்.

அடுத்த வாரம் நட்ட கல் போயிற்று. ஏர் ஓட்டும்போது இடிக்கிறதாம். பிறகு மேலெல்லை வண்டிப்பாதையை உழுது வெங்காயம் நட்டார்கள். அவர் வாயில் வந்தது ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவரோ ஒவ்வொரு தடவையும் பாடத்தைத் திருத்திக்கொண்டு மேலும் உறுதியாக ஒப்பித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அவருடைய மனைவிக்குப் புரிந்திருந்தது. ஒடிசலான பெண். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் கிணற்றடியில் என்னிடம், "இந்த மனுசன் வாயத் தெறக்கறப்ப எல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்குது டீச்சர். அடுத்து அய்யா வீட்டாளுக யாரக் காணாமப் போகவெப்பாகளோ" என்றாள். அந்தச் சமயம் அவர்களுடைய மகள் புஷ்பராணி அங்கே கல் மேல் ஏறி நின்றுகொண்டு, கை கட்டி, "நம்ம ஊருக்கு மேக்கால நிமுந்து பாத்தா" என்று தானாகவே சொல்லி விளையாடிக்கொண்டிருந்தது. என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பெண். மகளுக்கும் ஒப்பித்தால்தான் தேத்தண்ணி.

நான் அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "உங்களுக்கு அறிவிருக்கா இல்லையா? ஊரைச் சொல்லச் சொல்ல அவங்க உங்களைப் பங்கு கேட்க வந்த ஆளாப் பாக்கறாங்க. வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "பங்கா? எனக்கு எதுக்கு டீச்சர் பங்கு? நான் நம்பருக்குத்தான சொல்றேன்" என்றார்.

பங்குனியில் கருப்புக்குத் திருவிழா வந்தது. அந்தப் பக்கத்தில் குலசாமித் திருவிழாவுக்குப் பங்காளி வீடுகளில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். குடும்பத் தலைவனாக இருக்கிற ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவன் பங்காளி, கொடுக்காதவன் அசலான். அவ்வளவுதான் கணக்கு. மணியக்காரரின் அத்தாட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது என்று சிலோன்காரர் வரிப் பணத்தை வெற்றிலையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கை நீட்டவில்லை. நீட்டிய வெற்றிலையோடு ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்.

அப்போது அய்யாவின் மூத்த மகன் கேட்டிருக்கிறான். "நீ ஒருத்தன்தானா, இன்னும் பின்னாடி ஆளு வருதா?"

கேட்டதற்குச் சரியான பதில் சொல்வதுதான் இவருடைய வியாதியாயிற்றே. நீட்டிய கையோடு சொல்லிவிட்டார். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறைகளில் இருந்த சில குடும்பங்களுக்குச் சொந்த ஊர் மறந்துபோயிருந்தது. அவர்களுடைய அப்பன் பாட்டன் ஒன்றும் சொல்லிவைக்காமல் செத்துப்போயிருந்தார்கள். ஊர் இல்லாமல் கண்டிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று இவர் பரிதாபப்பட்டுத் தன் ஊரையே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைத்திருக்கிறார். ஒருவருக்கு ஒருவர் அரிசி கைமாற்றுக் கொடுப்பதுபோல ஊரைக் கொடுத்திருக்கிறார். தோட்டத்தில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லையாம். அவர்களுக்கும் இதே ஊரைத்தான் பாஸ்போர்ட்டில் எழுதியிருக்கிறார்களாம். அடுத்தடுத்த கப்பலில் வருவார்களாம்.

இதைக் கேட்டதும் அங்கே இருந்த பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று பூசாரியின் மனைவி என்னிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் முற்றத்தில் கட்டில் போடவில்லை. சிலோன்காரரையும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த சில நாட்களும் கூப்பிடவில்லை. அவர் கொட்டாய் வாசலில் கால் கழுவிவிட்டுக் காத்திருந்ததைப் பார்த்தேன். தினமும் கூப்பிட்டபோது எனக்கிருந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் அவரே ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் கறுப்பாகக் கரி பிடித்து, ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

"நம்பரு வந்துரும் டீச்சர். பெரியப்பாவும் மணியக்காரரும் சம்மதிச்சுட்டாங்க" என்றார்.

மெதுவாக விசாரித்தேன். அவரைக் கருப்பு கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அத்தாட்சி எழுதித் தருகிறோம், இந்த ஊரில் குடியிருக்கிறான், உழைத்துப் பிழைக்கிறான் என்று சொல்கிறோம். ஆனால் விசாரணையில் பாட்டன் கதை, கொல்லைக் கதை ஒன்றும் எடுக்கக் கூடாது. ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். அதற்குச் சூடம் அணைத்துச் சத்தியம் செய் என்றிருக்கிறார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அந்தச் சொல்லை மீற முடியாது. மீறினால் குலம் விளங்காது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

"இந்த ஊருக்கும் எனக்கும் ஒட்டு ஒறவு தெரியாது, யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். நெலம் போனாப் போகுது டீச்சர். நம்பரு இருந்தா எங்கயும் பொழைச்சுக்கலாம்."

"பாஸ்போர்ட்டுல இந்த ஊர்னு எழுதியிருக்கே. அதைப் பத்திக் கேட்டா?"

"மணியக்காரரு பாத்துக்கறேன்னாரு."

எனக்கு மனசு ஒப்பவில்லை. விசாரணை நாளில் லீவு போட்டுவிட்டு நானும் பெரம்பலூருக்குப் போனேன். ஒரே பஸ்ஸில்தான் போனோம். அய்யா முன் சீட்டில் இருந்தார். இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் புஷ்பராணிக்கு ஒரு பன்னு வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவினார். பிறகு ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

விசாரித்த ஆபீசர் கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த ஊர் இதுன்னு எழுதியிருக்கு. உங்க பாட்டன் பேரு என்ன?" என்று கேட்டார்.

சிலோன்காரர் வழக்கம்போலத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கட்டி நின்றார். பார்வை ஆபீசர் தலைக்கு மேலே போய் நின்றது. வாய் திறந்தது.

"தெரியாதுங்க."

"எந்தத் தெருவுல இருந்தாங்க?"

"தெரியாதுங்க."

"பங்காளி யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்க."

"குலசாமியாவது தெரியுமா?"

அவருடைய கை தானாகப் போய்க் கொப்புளம் இருந்த இடத்தைத் தேய்த்தது. "தெரியாதுங்க" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆபீசர் மணியக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மணியக்காரர் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அத்தாட்சி எழுதியே இருக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. "பொழைக்க வந்தேன்னான். பாவம்னு கொட்டாய் போட்டுக்கச் சொன்னோம்ங்க. சொந்த ஊருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நீங்களே கேட்டீங்க, ஒண்ணும் தெரியல. இவன் சொல்லிக் குடுத்து இன்னும் சில குடும்பம் இதே ஊருன்னு சிலோன்ல எழுதிக் குடுத்திருக்காம். அவன் வாயால சொன்னதுங்க" என்றார்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமாங்க" என்றார் சிலோன்காரர். அதைப் பற்றி அவர் சத்தியம் ஒன்றும் செய்துகொடுக்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்?

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "சார், இவருக்கு எல்லாம் தெரியும். எல்லை எல்லையாச் சொல்லுவார். இவங்க கோயில்ல வச்சு மிரட்டி வாயைக் கட்டிட்டாங்க. கேளுங்க சார், இன்னொரு தடவை கேளுங்க" என்று கத்தினேன். பியூன் என் பக்கம் வந்தான். ஆபீசர் அவனைக் கையமர்த்திவிட்டு, "அவங்க சொல்றது நெசமா? தெரிஞ்சா சொல்லுங்க. இதோட முடிஞ்சுடும்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

அவருடைய உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அப்போது கீழே அவருடைய காலடியில் நின்ற புஷ்பராணி பன்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டது. ஆபீசர் தலைக்கு மேலே பார்த்தது. அப்பாவுக்குப் பாடம் மறந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"நம்ம ஊருக்கு மேக்கால நிமுந்து பாத்தா செட்டிகுளத்து..."

அவர் குனிந்து அதன் வாயைப் பொத்தினார். கரி பிடித்த அந்தக் கையால்தான் பொத்தினார். குழந்தை விரல்களுக்குள்ளேயே மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் அழுத்திப் பொத்தினார். மனைவி, "விடுங்க, மூச்சு முட்டுது" என்று பிடுங்கிய பிறகுதான் விட்டார். குழந்தை அழவில்லை. பயந்துபோய் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது.

ஆபீசர் எழுதினார். விவரம் பொருந்தவில்லை, முகாமுக்குத் திரும்பிப் போக வேண்டும், அங்கே முடிவு செய்வார்கள். வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் அய்யா எழுந்து நின்று, "என்னப்பா, ஆச்சா?" என்று விசாரித்தார். மணியக்காரர் தலையை ஆட்டினார். அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் அந்த மாசமே அறையைக் காலி செய்துவிட்டுச் செட்டிகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்தேன். என் கோபத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், மகளின் சர்ட்டிபிகேட் வாங்குவதற்காக அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் லீவு. நான்தான் எழுதினேன். முகாமிலிருந்து மலைக்குத்தான் அனுப்புவார்கள் என்று தெரிந்துவிட்டது என்றார். காண்ட்ராக்டர்கள் நம்பர் கேட்க மாட்டார்களாம், ஆள் இருந்தால் போதுமாம். நான் பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"சொந்த ஊர் என்ன போட?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து நிற்கவில்லை. துண்டை எடுக்கவில்லை. பிள்ளைகள் உட்காருகிற அந்தக் குட்டை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"நீங்களே ஏதாச்சும் ஒண்ணு போட்டுக்கங்க டீச்சர். உங்க ஊருன்னாலும் சரி. அங்க என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. புள்ளைக்கு நல்லா மனப்பாடம் வரும்."